பக்கத்தில் படுப்பவருக்குத் தெரியட்டும்

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், தூக்கத்தில் வரும் வலிப்பு நோய் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம் இது. பேச்சில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றி வருவதால் ஆட்பெயர், ஊர்ப்பெயர் எதையும் போடவில்லை. படித்துவிட்டு உங்கள் குழுக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டுங்கள்.)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. வரவு செலவு வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன். இன்றைக்கு என் கதையைச் சொல்லச் சொல்லிவிட்டார்கள். முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

என்னை ஊக்குநர் பயிற்சிக்கு மூன்று தடவை கூப்பிட்டீர்கள். மூன்று நாள் பயிற்சி, அங்கேயே தங்க வேண்டும் என்றீர்கள். மூன்று தடவையும் நான் வரவில்லை. முதல் தடவை மகனுக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டாம் தடவை கடலை எடுப்பு என்றேன். மூன்றாம் தடவை சொந்தத்தில் கல்யாணம் என்றேன். மூன்றும் பொய். மகன் நன்றாக இருந்தான். கடலை எடுத்து முடிந்துவிட்டது. கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

எனக்குப் பயிற்சியில் பயம் இல்லை, ராத்திரியில்தான் பயம். ஒரே ஹாலில் வரிசையாகப் பாய் போட்டு நாற்பது பேர் படுப்பீர்கள். அதில் நானும் படுக்க வேண்டும். நடு ராத்திரியில் எனக்கு வலிப்பு வந்து, நாற்பது பேரும் எழுந்து பார்த்தால் என்ன ஆகும்? அந்தப் பயத்தில்தான் பொய் சொன்னேன்.

ஆமாம், எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. பகலில் வந்தது இல்லை, தூக்கத்தில் மட்டும்தான் வரும். அதனால்தான் இத்தனை வருஷம் என்னால் மறைக்க முடிந்தது.

எச்சில் கறையும் நாக்குக் காயமும்

2003-ம் வருஷம், நான் பத்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பன்னிரண்டு மணி வரை விழித்து, திரும்ப நாலு மணிக்கு எழுந்து படிப்பேன். ஒருநாள் காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. தலை கனக்கிறது. நாக்கில் ஒரு ஓரம் கடிபட்டு வீங்கியிருக்கிறது. தலையணையில் எச்சிலும் ரத்தமும் கலந்த கறை. பாய் நனைந்திருக்கிறது. பதினாறு வயசுப் பிள்ளை பாயை நனைத்தால் எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியாமல் பாயைக் கழுவிக் காயப்போட்டேன். ராத்திரி என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது.

மறுபடி ஒரு மாதம் கழித்து வந்தபோது அம்மா பார்த்துவிட்டார்கள். பெரிய சத்தம் போட்டேனாம். உடம்பு விறைத்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். வாயில் நுரை வந்ததாம். அம்மா அலறிவிட்டார்கள். ஆனால் அடுத்த நிமிஷமே வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே! "நாளைக்கு உன்னை எவன்டி கட்டுவான்?" இதுதான் அம்மா முதலில் கேட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் பெண் பிள்ளையைப் பெற்ற எந்த அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கினோம். மாத்திரை சாப்பிட்டால் வராது. தீர்ந்துபோய் இரண்டு மூன்று நாள் விட்டால் வரும். அது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. இது என்ன நோய், ஏன் தூக்கத்தில் வருகிறது என்று எதுவும் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை.

பருப்பு டப்பாவில் மாத்திரை

2008-ல் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மாத்திரையைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருப்பேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய் எடுத்துப் போட்டுக்கொள்வேன். ஒருநாள் எங்க வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார். சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டேன்.

அவர் பால் சொசைட்டியில் வேலை. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து போய்விடுவார். எனக்கு வலிப்பு வந்தால் பெரும்பாலும் நாலரை, ஐந்து மணிக்குத்தான் வரும். அதனால் இரண்டு வருஷம் அவருக்குத் தெரியவே இல்லை. நாக்கு வீங்கினால் சூடான காபி சுட்டுவிட்டது என்பேன்.

2010-ல் மகன் பிறந்தான். ஐந்தாம் மாதம் என்னையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா வாங்கிக் கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கி வர யாரிடம் சொல்வது? கைப்பிள்ளையோடு டவுனுக்கு நான் தனியாகப் போக முடியாது. நாலு நாள் மாத்திரை இல்லை. பிள்ளை ராத்திரி பூராவும் அழுததில் தூக்கமும் இல்லை. நாலாம் நாள் விடியக்காலம், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் போட்டுப் படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அத்தை சொல்லித்தான் தெரியும். அடுப்படியில் இருந்த அத்தைக்குப் பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. உடனே அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அழுகிற பிள்ளை சட்டென்று நின்றால் தாய்க்குத் தெரியும். ஓடி வந்து பார்த்தால் என் உடம்பு வெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது, என் கை பிள்ளையின் முகத்தின் மேல் விறைத்துக் கிடக்கிறது. கையைத் தூக்கிப் பிள்ளையை இழுத்து எடுத்தார்கள். பிள்ளையின் உதடு கறுத்திருந்ததாம். முதுகைத் தட்டித் தோளில் போட்ட பிறகுதான் அழுதானாம்.

நான் கண்ணைத் திறந்தபோது வீடு நிறைய ஆட்கள். என் கையில் சாவிக்கொத்து. வாய்க்குள் கரண்டி நுழைத்ததில் முன்பல் பாதி உடைந்திருந்தது. இதோ, இந்தப் பல்தான். இன்னமும் பாதியாகத்தான் இருக்கிறது.

அத்தையின் தங்கை

முதலில் வீட்டில் பெரிய சண்டை. "ஒங்கம்மா எங்களை ஏமாத்திட்டா" என்று அத்தை கத்தினார்கள். பிறகு கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். உடுக்கை அடித்து, முனி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கயிறு கட்டினார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது. கயிறு கையிலேயேதான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "ஏத்தா, என் கூடப் பெறந்த தங்கச்சிக்கும் இதேதான். தூக்கத்துலதான் வரும். எச்சி பட்டா ஒட்டிக்கிரும்னு எங்கப்பா அவளை மாட்டுக்கொட்டத்துல தனியாப் படுக்க வச்சாரு. ஒருநா விடிஞ்சு போய்ப் பார்த்தா குப்புறக் கெடக்குறா. உசுரு இல்ல. பாம்பு தீண்டிருச்சுன்னு ஊருக்குச் சொன்னோம். கடிவாயே இல்லத்தா. பதினெட்டு வயசு அவளுக்கு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஒன்னைய நான் தனியாப் படுக்க விட மாட்டேன்" என்றார்கள். அன்றையிலிருந்து மகன் பாலுக்குக் கிளம்பிப் போனதும், அத்தை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். இப்போது அவர்களுக்கு எழுபது வயசு ஆகிறது. நேற்று வரைக்கும் அப்படித்தான்.

டாக்டர் என்னைக் கேட்ட கேள்வி

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பியல் டாக்டர் என்னிடம், "வலிப்பு வரும்போது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஏழு வருஷமாக எனக்கு வருகிற நோயை நான் ஒரு தடவைகூடப் பார்த்தது இல்லை. அத்தைதான் சொன்னார்கள். முதலில் கண் மேலே சொருகும், தலை வலது பக்கம் திரும்பும், வலது கை விறைக்கும், அப்புறம் உடம்பு பூராவும் இழுக்கும், வெத்தலை மடிச்சுப் போடுகிற நேரம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "நோயைக் கண்டுபிடிக்கிறதுல பாதி வேலையை இந்த அம்மா முடிச்சுட்டாங்க" என்றார்.

சகோதரிகளே, இதை நன்றாகக் கவனியுங்கள். மற்ற நோயை நோயாளி சொல்லலாம். தூக்கத்தில் வரும் வலிப்பைப் பக்கத்தில் படுத்தவர்தான் சொல்ல முடியும். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆளைப் பாதுகாப்பாக ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, இன்னொருவர் அதை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டலாம். ஊருக்குக் காட்டக் கூடாது, டாக்டருக்கு மட்டும்.

ஈ.ஈ.ஜி. என்று ஒரு பரிசோதனை எடுத்தார்கள். தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள். முந்தின ராத்திரி குறைவாகத் தூங்கச் சொன்னார்கள். தலையில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டித் தூங்க வைத்து எடுத்தார்கள். இது கரண்ட் வைக்கிற வேலை என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நம் மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். வலி கொஞ்சமும் கிடையாது. தலை ஸ்கேனும் எடுத்தார்கள்.

டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நம் மூளை வேலை செய்வதே மெல்லிய மின்சாரத்தில்தான். இரண்டு கரண்டு கம்பி உரசினால் பொறி பறக்கிறது இல்லையா? அதுபோல மூளையில் ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் தாறுமாறாக மின்சாரம் பாய்ந்தால் அதுதான் வலிப்பு. தூக்கத்துக்குப் போகிற நேரத்திலும் விழிக்கிற நேரத்திலும் மூளையின் மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாறுகிற நேரத்தில் சிலருக்கு வலிப்பு வருகிறது. அதனால்தான் படுத்த கொஞ்ச நேரத்தில் சிலருக்கும், விடியக்காலத்தில் சிலருக்கும் வருகிறது. பேயும் இல்லை, முனியும் இல்லை.

எல்லோருக்கும் என்னைப் போலவே வராது. சிலர் தூக்கத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து கத்துவார்கள். சிலர் சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஆட்டுவார்கள். அரை நிமிஷத்தில் திரும்பப் படுத்துவிடுவார்கள். ஒரே ராத்திரியில் நாலைந்து தடவைகூட வரும். ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி வந்தால், கெட்ட கனவு என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இது எச்சில் பட்டால் ஒட்டாது. தொட்டால் ஒட்டாது. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. பிரசவத்தில் பிள்ளைக்கு மூச்சுத் திணறியது, தலையில் அடிபட்டது, மூளைக் காய்ச்சல் என்று பல காரணம் உண்டு. பன்றியிடமிருந்து வரும் நாடாப்புழுவின் முட்டை, கழுவாத காய்கறி வழியாகவும் கை சுத்தம் இல்லாததாலும் வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகத் தங்குவதும் ஒரு காரணம். பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் அது வரும். கக்கூஸ் கட்டச் சொல்லி நம் கூட்டத்தில் பேசுகிறோமே, அதில் இதுவும் அடங்கியிருக்கிறது. பலருக்குக் காரணம் தெரியாமலும் வருகிறது. எனக்கு அப்படித்தான்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாக வைத்தியம் பார்த்தால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பு இல்லாமல் வாழலாம் என்றும் அதுவே சொல்கிறது.

மாத்திரையும் தூக்கமும்

மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. ஒரு வருஷமாக வலிப்பு வரவில்லை, சரியாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் நிற்காமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான். தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

தூக்கமும் மாத்திரை மாதிரிதான். கண்விழிப்பு வலிப்பைக் கூப்பிட்டுக்கொண்டு வரும். திருவிழா, சிவராத்திரி, நாற்று நடவு அவசரம், கைப்பிள்ளை அழுகை என்று நமக்குத் தூக்கம் கெட ஆயிரம் காரணம் இருக்கிறது. வலிப்பு இருக்கிற பெண்ணை ஒரு ஐந்தாறு மணி நேரமாவது தொடர்ந்து தூங்க விடுங்கள். ராத்திரி பிள்ளையைத் தூக்க வீட்டில் வேறு ஆள் கை கொடுக்க வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டு விரதம் இருக்க வேண்டாம். சாமி கோபிக்காது.

கல்யாணம் ஆன பெண்களுக்குத் தனியாக ஒன்று. வலிப்பு மாத்திரைகளில் சில, வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். முக்கியமாக சோடியம் வால்புரோயேட் என்ற மாத்திரை. அதற்காகப் பயந்து நாமே நிறுத்திவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பிள்ளை பெற நினைக்கும்போதே, அதாவது நாள் தள்ளிப் போகும் முன்னாலேயே, டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஏற்ற மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள், போலிக் ஆசிட் மாத்திரையும் தருவார்கள். அதேபோல வலிப்பு மாத்திரை சில, கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். இரண்டும் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்ப்பாலை நாமாக நிறுத்திவிட வேண்டாம், பெரும்பாலும் கொடுக்கலாம். ஆனால் உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தொட்டிலில் போடுங்கள். அணைத்துக்கொண்டே தூங்காதீர்கள். இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

ராத்திரியில் வந்தால் என்ன செய்வது

பக்கத்தில் படுப்பவர்களுக்குச் சொல்கிறேன். பதறாதீர்கள். கடிகாரத்தையோ செல்போனையோ பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு, கொசுவத்தி, சொம்பு என்று இடிக்கிற பொருளைத் தள்ளி வையுங்கள். தலைக்கு அடியில் மடித்த சேலையை வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் விடாதீர்கள். நாக்கை முழுங்கிவிடுவார்கள் என்பது பொய். இரும்பு கொடுப்பதாலும் செருப்பை மோந்து பார்க்க வைப்பதாலும் வலிப்பு நிற்பது இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்கும். அந்த நேரத்தில் கையில் இரும்பு இருப்பதால், இரும்பு நிறுத்தியது என்று நினைத்துக்கொள்கிறோம்.

முடிந்தவரை சீக்கிரம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இழுப்பு அடங்கியதும் கட்டாயம் செய்ய வேண்டும். எச்சிலும் நுரையும் வெளியே வழிந்துவிடும், மூச்சு தடைப்படாது. குப்புறக் கிடந்தால் உடனே திருப்புங்கள். மூச்சு சீராக வருகிறதா என்று பாருங்கள். நன்றாக நினைவு வரும்வரை தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். ஆளை விட்டுப் போகாதீர்கள்.

ஐந்து நிமிஷத்துக்கு மேல் இழுத்தாலும், நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலும், மூச்சு சரியாக வராவிட்டாலும், பலமாக அடிபட்டிருந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும், முதல் தடவையாக வந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், தூக்கத்தில் வரும் பெரிய வலிப்பு கட்டுப்படாமல் இருந்தால், அரிதாக அதிலேயே உயிர் போய்விடுவது உண்டு. வலிப்பு நோய் உள்ள பெரியவர்கள் ஆயிரம் பேரில் வருஷத்துக்கு ஒருவர் இப்படி இறக்கிறார் என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தனியாகப் படுப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அத்தையின் தங்கைக்கு நடந்தது பாம்புக்கடி இல்லை, இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தனியாகப் படுக்க வைக்காமல் இருந்திருந்தால், யாராவது ஒருவர் திருப்பிப் போட்டிருந்தால், ஒருவேளை பிழைத்திருப்பார்கள்.

அதனால் உயரமான கட்டில் வேண்டாம், தரையில் பாய் போதும். வெயில் காலத்தில் சுவர் இல்லாத மொட்டை மாடியில் படுக்க வேண்டாம். மெத்துமெத்தென்ற பெரிய தலையணை வேண்டாம். கதவை உள்ளே தாழ் போட வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

குழுவில் நான் வாய் திறந்தது

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகும், ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். முன்னால் அம்மா மறைத்தார்கள், பிறகு அத்தை மறைத்தார்கள். உங்களிடம் மூன்று பொய் சொன்னது அதனால்தான்.

போன வருஷம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா அழுதார்கள். பிளஸ் டூ படிக்கிற மகள் ராத்திரியில் பாயை நனைக்கிறாளாம். காலையில் வாயெல்லாம் ரத்தமாம். கோடாங்கியிடம் மூன்று தடவை கூட்டிப் போய்விட்டார்களாம். படிப்பை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் கட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னாராம். "இவ்வளவு பெரிய பிள்ளை பாயை நனைக்குதா?" என்று இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சேமிப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. "அந்தப் பிள்ளையத் தனியாத்தான் படுக்க வைக்கிறாங்களாம் அத்தை" என்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த கூட்டம் என்னைக்கு?" என்று கேட்டார்கள். "திங்கக்கிழமை" என்றேன். "போய்ச் சொல்லிரு தாயி" என்றார்கள்.

சொல்லிவிட்டேன். உடைந்த பல்லையும் காட்டினேன். சிரித்த இரண்டு பேரும்தான் முதலில் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்கள். அந்த அக்காவுக்கு அன்றைக்கே 3,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். பரிசோதனைக்கு நானே கூடப் போனேன். பிள்ளை இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். அம்மாவும் மகளும் ஒரே பாயில் படுக்கிறார்கள்.

கல்யாணப் பேச்சு வரும்போது என்ன செய்வது என்று அந்த அக்கா கேட்டார்கள். எல்லாத் தாய்மாருக்கும் அந்தக் கேள்வி இருக்கும். 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாகப் போட்டிருந்தார்கள். 1999-ல் சட்டத்தைத் திருத்தி அந்த வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். வலிப்பு இருந்தால் கல்யாணம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மறைத்துக் கட்டி வைத்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட இடம் கொடுத்ததாக ஆகும். அதைவிடப் பெரிய ஆபத்தை நான் அனுபவித்திருக்கிறேன். மறைத்ததால் என் மாத்திரை பருப்பு டப்பாவில் இருந்தது, தீர்ந்தபோது வாங்க ஆள் இல்லை, என் பிள்ளை சாகப் பார்த்தது. சொன்னால் நாலு இடம் தட்டிப் போகலாம். தெரிந்து கட்டுகிறவன்தான் ராத்திரியில் திருப்பிப் படுக்க வைப்பான்.

எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத உறுப்பினருக்கு, அவர் சீட்டை வாங்கிக்கொண்டு முறை வைத்து இன்னொருவர் போய் வர வேண்டும். வலிப்புக்கு மட்டும் இல்லை, சுகர், பிரஷருக்கும் சேர்த்துத்தான். இதற்குக் காசு செலவு இல்லை. உங்கள் குழுவிலும் எழுதிக்கொள்ளலாம்.

நாலாவது தடவையாகப் பயிற்சிக்குக் கூப்பிட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் போனேன். முதல் நாள் ராத்திரி பாய் போட்டதும், பக்கத்தில் படுத்த இரண்டு பேரிடம் மூன்றே விஷயம் சொன்னேன். எனக்குத் தூக்கத்தில் வலிப்பு வரலாம், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றேன். இரண்டாம் நாள் விடியக்காலம் வந்துவிட்டது. பஸ் அலைச்சல், புது இடம், தூக்கம் சரியில்லை.

கண்ணைத் திறந்தபோது நான் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். என் தலைக்கு அடியில் யாரோ ஒருவருடைய சேலை மடித்து வைத்திருந்தது. கையில் சாவி இல்லை. பக்கத்துக் குழு அக்கா ஒருவர் என் தோளில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "ரெண்டு நிமிஷம்தாம்மா, மணி பார்த்தேன். கொஞ்ச நேரம் தூங்கு, வகுப்புக்கு நான் எழுப்புறேன்" என்றார். ஹாலில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வகுப்பில் நானும் உட்கார்ந்து எழுதினேன். அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவையும் சரி செய்துகொண்டேன்.

இத்தனை வருஷம் நான் பயந்த ராத்திரி இவ்வளவுதான். இந்தக் கூட்டத்திலும் தலையணைக் கறையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிற ஒருத்தி இருக்கலாம், அல்லது அவளுடைய அம்மா இருக்கலாம். எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம். இன்றைக்கு ராத்திரி உங்கள் பக்கத்தில் படுப்பவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். அது போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.